மாமன் மடி

அத்தியாயம் 17

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து சுதாராணிக்குச் சோறு இறங்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு வயசாகியும் ஹரி ஏன் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, ஏன் கையை உதறுகிறான், கையைக் கடிக்கிறான், பெத்தவள் கண்ணைக்கூட ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டு அவள் ஏறாத படியில்லை. கடைசியில் மதுரை டாக்டரம்மாதான், "மரபணு டெஸ்ட் ஒண்ணு பார்த்துருவோம்" என்று தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார்.

ரிசல்ட் இன்றைக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மாவின் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஹரி வெறும் தீப்பெட்டி ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். சுதா நாற்காலி நுனியில் இருந்தாள். அவள் புருஷன் பாண்டியராஜன் உட்காரவே இல்லை, கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றான். கோவில்பட்டியில் அப்பா காலத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலை, ஊர் வழக்கில் 'ஆபீஸ்', அவனுடையது. காலையில் அங்கே மெஷின் மக்கர் பண்ணி, சட்டைகூட மாற்றாமல் நேரே காரில் ஏறியிருந்தான். அதனால்தான் அந்த ஒதுக்கம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இதுக்குப் பேரு ஃப்ரஜைல் எக்ஸ்," என்றார் டாக்டரம்மா. "பையன் உடம்புல ஒரு மரபணு தன் வேலையைச் செய்யாம அடைஞ்சு போயிருக்கு. பேச்சு, படிப்பு, பழக்கவழக்கம் எல்லாம் பின்தங்குறது அதனாலதான். உங்ககிட்ட அது பாதி அளவுல இருக்கும்மா. உங்களை ஒண்ணும் பண்ணலை. பையன்கிட்ட வர்றப்போ முழுசாயிடுச்சு. இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல, நல்லாக் கேட்டுக்கோங்க."

சுதா தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததா என்பது அவளுக்கே தெரியவில்லை.

"குணமாகுமா டாக்டர்?"

"மாத்துற மருந்து இப்போதைக்கு இல்ல. ஆனா பேரு தெரிஞ்சா என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு தெரியும்ல? பேச்சுப் பயிற்சி கொடுப்போம். முக்கியமா ஒண்ணு. கண்ணைப் பாரு, கண்ணைப் பாருன்னு தாடையைப் பிடிச்சுத் திருப்பாதீங்க. இந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேதனை."

ரெண்டு வருஷமாகச் சுதா செய்துகொண்டிருந்தது அதைத்தான். யாரோ சொன்னார்கள் என்று காலையும் மாலையும் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, அவன் வீரிட்டு அழ அழ, "என்னப் பாரு எய்யா, அம்மாவப் பாரு" என்று தானும் அழுதிருக்கிறாள்.

கதவோரத்திலிருந்து பாண்டியராஜன் தொண்டையைச் செருமினான்.

"டாக்டர், அப்ப... தீப்பெட்டி மருந்து?"

"எது?"

"எங்க ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குவோம். அந்த நெடி துணியில ஒட்டிக்கிட்டு வந்து, பிள்ளைக்கு மூளையில..."

"யாருங்க சொன்னது? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆம்பளப் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாகிட்டயிருந்து மட்டும்தான் வரும். இது உங்க பக்கத்துலயிருந்து வர வழியே இல்ல."

பாண்டியராஜன் குனிந்து மேஜைக்கு அடியில் கையை விட்டு ஹரியை அப்படியே அள்ளி எடுத்தான். மருந்து நெடியடிக்கிற அந்தச் சட்டையோடு பிள்ளையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டான்.

இப்போது சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் சுதாவின் அம்மா பிரேமலதா கோவில்பட்டி வீட்டு நடுஹாலில் நின்று, சம்பந்தியம்மாளின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "ஒங்க வீட்டுத் தீப்பெட்டி மருந்துதான் எம் பேரனத் தின்னுட்டு" என்று சொன்னாள். பாண்டியராஜனின் அம்மா மறுநாளே துணிமணியை எடுத்துக்கொண்டு சாத்தூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. அன்றையிலிருந்து அவன் ஆபீஸில் ஒரு குளி, வீட்டுப் பின்வாசலில் ஒரு குளி குளிக்காமல் பிள்ளையைத் தொட்டதில்லை. அடைமழையிலும் குளித்தான், காய்ச்சலிலும் குளித்தான். சுதாவும் தடுக்கவில்லை. அவளும் அம்மா சொன்னதை நம்பினாள்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து, ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார்.

"உங்களுக்கு இது அம்மா வழியாவும் வந்திருக்கலாம், அப்பா வழியாவும் வந்திருக்கலாம். ரெண்டு பக்கத்துலயும் இந்த மாதிரி பேச்சு வராதவங்க, விவரம் குறைஞ்சவங்க யாராவது உண்டா?"

"அப்பா பக்கம் எல்லாரும் வாத்தியாரு, வியாபாரின்னு நல்லாத்தான் இருக்காவ. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது. ஒத்தப் பிள்ளை."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. முகம் நீளமா, காது பெரிசா, கையை உதறிக்கிட்டு, ஆள் முகத்தைப் பார்க்காம..."

"இல்ல டாக்டர். யாரும் இல்ல."

"சரி. தங்கச்சி உண்டா?"

"ஒருத்தி. விஜி. கோயம்புத்தூர்ல இருக்கா. இப்ப மூணு மாசம் முழுகாம இருக்கா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இன்னைக்கே அவங்ககிட்டச் சொல்லுங்கம்மா. உங்களை மாதிரி அவங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணுறதும் வேண்டாம்கிறதும் அவங்க இஷ்டம். ஆனா தெரிஞ்சுக்கிறதுன்னா அதுக்கு நேரம் இதுதான். தள்ளிப் போடாதீங்க."

கார் சாத்தூரைத் தாண்டிற்று. ஹரி அவள் மடியில் தூங்கிப்போயிருந்தான். விஜியிடம் எப்படிச் சொல்வது என்பதையே சுதா யோசித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு நல்ல சேதி. அந்தப் புகுந்த வீடு ஒரு மாதிரி. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். முதலில் அம்மாவிடம் சொல்வோம், அம்மா பக்குவமாக எடுத்துச் சொல்வாள் என்று நினைத்தாள்.

பாவம். அப்போதும் அவளுக்கு அம்மாதான் துணை.

ஹரி புரண்டு படுத்தான். அவன் காது வெயிலில் சிவந்து தெரிந்தது. பெரிய காது. அதைத் தடவிக்கொண்டிருந்தவளின் மறு கை தன்னையறியாமல் தன் இடது காதுக்குப் போயிற்று.

சுதாவின் இடது காதுத் துளை வலதைவிடக் கொஞ்சம் ஏற்றமாக இருக்கும். எந்த ஜிமிக்கி போட்டாலும் ஒன்று மேலே, ஒன்று கீழே. நகைக்கடைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அம்மா, "குத்தும்போது பத்தருக்குக் கை தடுக்கிட்டு" என்று சிரித்து மழுப்புவாள்.

பத்தருக்கா கை தடுக்கியது?

சாஸ்தா கோயில். அவளுக்கு ஆறு வயசு. விஜி கைக்குழந்தை, ரெண்டு பேருக்கும் சேர்த்துக் காதுகுத்து. யாரோ ஒருவருடைய மடியில் அவளை உட்கார்த்துகிறார்கள். புது வேட்டி கரகரவென்று குத்துகிறது. நீள முகம், பெரிய காது. அவள் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, கையை உதறி உதறிச் சிரிக்கிறார். ஊசி இறங்குகிறது, அவள் கத்துகிறாள். அவளைவிடப் பெரிதாக அவர் கத்துகிறார். அவர் உடம்பு தூக்கிப் போட, ஊசி மேலே விலகுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆளை ரெண்டு பேர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிறகு அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி யோகராஜ் மாமா வந்து உட்காருகிறார். வலது காது அவர் மடியில் குத்தப்படுகிறது. போட்டோவில் இருப்பதும் அவர்தான்.

"பூசாரிக்குத் துணைக்கு இருந்த ஆளு" என்று அம்மா சொல்லியிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அதையும் நம்பினாள் சுதா.

பூசாரியின் துணையாள் மடியில் எந்த ஊரில் காது குத்துவார்கள்?

"என்னங்க," என்றாள். "வீட்டுக்குப் போவேண்டாம். கடம்பூருக்கு விடுங்க, எங்கம்மா வீட்டுக்கு."

அவள் குரலைக் கேட்டுப் பாண்டியராஜன் திரும்பிப் பார்த்தான். வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான்.

பிரேமலதா அடுப்படியில் இருந்தாள். புருஷன் காலமான பிறகு போளி வியாபாரம் அவள் கையில்தான். வாழையிலையில் மாவைத் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து உரித்தெடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெற்றி நிறைய விபூதி. மாசம் தவறாமல் பிரதோஷத்துக்குப் பசுவந்தனைக் கோயிலுக்குப் போகிறவள்.

"ஏட்டி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்க? வாங்க மாப்ள, உக்காருங்க. எய்யா ஹரி, ஆச்சிகிட்ட வா."

ஹரி வரவில்லை. பாண்டியராஜன் அவனைக் கூட்டிக்கொண்டு வெளி நடையில் நின்றுகொண்டான்.

"ரிசல்ட் வந்துட்டும்மா," என்றாள் சுதா.

"என்ன சொன்னாவ?" கை பாட்டுக்கு மாவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அத விடு. எங் காது யாரு மடியில வச்சுக் குத்தினாவ?"

"இது என்னட்டி கேள்வி? யோகராஜ் மடியிலதான். போட்டோ தொங்குதுல்லா."

"அது வலது காது. நான் இடது காதக் கேக்கேன்."

கை நின்றது.

"ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? கோயில்ல நின்னவன் எவனாவது தூக்கியிருப்பான்."

"எவனோ ஒருத்தன் மடியில எம் மொதக் காதக் குத்த விடுவியா நீ? நல்ல நாளு, கெட்ட நாளு பாக்காம வாசல்படி தாண்டாதவ நீ. அந்தாளு ஒனக்குக் கூடப்பிறந்தவனா இல்லாட்டா அந்த மடியில என்ன உக்கார வச்சிருக்க மாட்ட. எம்மா, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கல்லில் போளி கருகிற்று. பிரேமலதா அதை எடுக்கவில்லை. சுதாதான் அடுப்பை அணைத்தாள்.

"எந் தம்பி," என்றாள் பிரேமலதா. "பரமசிவன்."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, அவன் சின்னதுலயே செத்துட்டான்னு எங்கய்யா சொல்லிட்டாரு. பெறவு ஒங்கப்பாவுக்கு உண்மை தெரிஞ்சும், ஒங்ககிட்ட நான் ஒத்தப் பிள்ளைன்னே சொல்லிச் சொல்லி... ஒனக்குக் காது குத்துதப்ப மனசு கேக்கலட்டி. அவன் இருக்கையில இன்னொருத்தன் மடியிலயான்னு ஒங்கப்பாட்ட ஒத்தக்கால்ல நின்னேன். ஒரு காது மட்டும்னு ஒத்துக்கிட்டாரு. நீ அழுதத அவனால தாங்க முடியல. அதான் அவனுக்கு ஒடம்பு தூக்கிப் போட்டுட்டு. இனிமே அவன் பேர எடுத்தா வீட்டுல இருக்காதன்னுட்டாரு ஒங்கப்பா."

தம்பி பேரைச் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுதாவுக்கும் ஒரு கணம் இளகத்தான் செய்தது. ஆனால் பின்வாசலில் குளிருக்கு நடுங்கிக்கொண்டு தண்ணீர் மொண்டு ஊற்றுகிற பாண்டியராஜன் கண்ணுக்குள் வந்து நின்றான்.

"ஹரி கை உதறும்போதே ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். என்னம்மா?"

பிரேமலதா கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டி உருட்டி எடுத்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்க அத்தையப் பாத்துக் கை நீட்டுன. தீப்பெட்டி மருந்துன்னு சொன்ன."

"பயம்ட்டி! அவிய நம்மளக் கேக்கதுக்கு முன்னால நாம கேட்டுரணும்னு நெனச்சேன். ஒன்னக் கொண்டாந்து இங்கன விட்டுட்டுப் போயிட்டாவன்னா நான் என்ன செய்வேன்? பெத்தவ வேற என்ன செய்வா?"

"பெத்தவளா? என் வீட்டையில்லா கெடுத்துட்ட! அந்த மனுசன் நாலு வருசமா சொந்தப் பிள்ளையத் தொடப் பயந்து கெடந்தாரு. நீயும் அங்கன வந்து வந்து பாத்துட்டுத்தான போன?"

பிரேமலதா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சுதா போனை எடுத்தாள்.

"விஜிக்குச் சொல்லணும். இன்னைக்கே சொல்லச் சொல்லியிருக்காவ."

"அவள என்னத்துக்குட்டி வயித்துப் பிள்ளையோட பயங்காட்டுத? அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"அத டெஸ்ட் எடுத்துத்தான் சொல்லணும்மா."

"அதான் இல்லன்னுட்டாவளே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"யாரு இல்லன்னுட்டாவ?" என்றாள் சுதா.

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

சுதா எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி ரெண்டு தரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் விஜி.

"அக்கா, சொல்லுக்கா. சாப்ட்டியா?"

"விஜி, ஹரிக்கு என்னன்னு தெரிஞ்சிட்டு. மதுரையில ரிசல்ட் குடுத்துட்டாவ."

மெல்லிய குரலில் விஜி கேட்டாள்.

"ஃப்ரஜைல் எக்ஸாக்கா?"

சுதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான் இன்னும் பேரச் சொல்லலியே விஜி."

விஜி அழுதுவிட்டாள். "அக்கா, என் கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா அவ தம்பி பரமசிவன் மாமாவப் பத்திச் சொன்னா. எனக்குப் பயமாயிட்டு. இங்கன கோயம்புத்தூருக்கு வந்து ஒரு டாக்டர்கிட்டப் பாத்தேன். மாமாவ ஒருதடவ கூட்டிட்டு வாங்கன்னாவ, அம்மா கூட்டிட்டு வந்தா. மாமாவுக்கு இருந்துது. எனக்கு இல்ல. ஹரிக்கும் இதுவாத்தான் இருக்கும், பாக்கச் சொல்லுங்கன்னு டாக்டர் சொன்னாவக்கா. அம்மாதான், கல்யாணம் முடியட்டும், பெறவு சொல்லுவோம்னா. முடிஞ்சப்புறம் எப்படிச் சொல்லன்னு தெரியல. உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"எப்ப விஜி இது?"

"ரெண்டு வருசமாச்சுக்கா."

ரெண்டு வருஷம். ஹரியின் தாடையில் தன் விரல்கள் பதிந்து பதிந்து எழுந்த அந்த ரெண்டு வருஷம். அவன் வீரிட்டதைப் போனில் கேட்டுக்கொண்டே, "விடாம செய்யி அக்கா, சரியாயிரும்" என்று சொன்னவள் இந்த விஜிதான். பெத்தவள் ஏமாற்றியதைக்கூடப் பயம் என்று சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளலாம். தூக்கி வளர்த்த தங்கச்சி ஏமாற்றியதற்கு என்ன பேர் வைப்பது?

"ஒனக்கு இல்லங்கதுல எனக்குச் சந்தோசம்தான் விஜி. பொய் சொல்லல, நெசமாவே சந்தோசம். காலையிலருந்து அதத்தான் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு வந்தேன்." குரல் உடைந்தது. "நல்லா இரு. எனக்குக் கொஞ்ச நாளைக்குப் போன் போடாத."

வைத்துவிட்டாள்.

"ஒருத்திக்குத்தான் இப்படி ஆயிட்டு," என்று பிரேமலதா முனகினாள். "இன்னொருத்தியாவது பொழைச்சுக்கிடட்டும்னு..."

"நான் ஒம் பிள்ளை இல்லையாம்மா?"

நடையில் நிழல் தட்டியது. பாண்டியராஜன் ஹரியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, எல்லாம் கேட்டிருக்கிறான். அவன் கத்துவான் என்று சுதா எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"அத்தை," என்றான் அவன். "எங்கம்மாவுக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. தீப்பெட்டி மருந்து இல்லைன்னு. நான் சொன்னா, நம்மளத் தேத்ததுக்குச் சொல்லுதான்னு நெனச்சிக்கிடுவா."

பிரேமலதா ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுதா எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "அவிய எங்கன இருக்காவ?"

"யாரு?"

"எங்க மாமா."

"பசுவந்தனையில. ஊருக்கு வெளிய, எங்கய்யா பயிர் வச்ச காட்டுல மோட்டார் ரூம் இருக்குல்லா, அங்கன. பக்கத்துக் காட்டுக்காரவிய கஞ்சி ஊத்துதாவ."

அப்படியென்றால் பிரதோஷம், விபூதி, கோயில் எல்லாம் தம்பியைப் பார்க்கப் போவதற்குத்தான். போன வருஷம் ஹரியைத் தூக்கிக்கொண்டு அதே கோயிலுக்கு நேர்த்திக்கடன் செய்யப் போனபோது, "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வாரேன்" என்று அம்மா பின்தங்கினாளே, அதுவும் அதற்குத்தான். கூப்பிடு தூரத்தில் சொந்த மாமன் இருக்க, இவள் சாமியிடம் காரணம் கேட்டு அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

"வண்டிய எடுங்க," என்றாள் சுதா புருஷனிடம்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு பிரேமலதா ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை. கையில் இலையில் சுற்றிய பொட்டலம்.

"நானும் வாரேன்ட்டி. வழி தெரியாது ஒங்களுக்கு."

"கேட்டுக்கிடுதோம். நீ வராண்டாம்."

"அப்ப இதையாவது கொண்டு போ. பருப்புப் போளி. தேங்காப் போளி குடுத்தா துப்பிருவான்."

மடியிலிருந்த ஹரியைச் சுதா பார்த்தாள். தேங்காய்ப் போளியை அவனும் துப்பத்தான் செய்வான். கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் விரல் பட்டது, இழுத்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. பிரேமலதா ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள்.

"ஏட்டி, அவன் கண்ணப் பாத்துப் பேச மாட்டான். மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். நீ தப்பா நெனச்சிராத..."

"எனக்குச் சொல்லித் தாரியாம்மா?" என்றாள் சுதா. "இதத்தான ரெண்டு வருசத்துக்கு முன்னால சொல்லியிருக்கணும்."

கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.